வெள்ளைக்கல்லை நகர்த்தியது நான்

எனக்கு எண்பத்திரண்டு வயது. பெற்றது ஆறு, நின்றது நான்கு. மைத்துனர் விட்டுப்போன மூன்றையும் சேர்த்து ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். இன்னொரு பெருமையும் உண்டு. பாப்பிரெட்டிப்பட்டிச் சுற்று வட்டாரத்தில் ஏரிக் கமிட்டியில் ஆண்களோடு சமமாக உட்கார்ந்த முதல் பெண் நான்தான். வேறு யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

நம் ஊர் மண், நீர்ப் பாதுகாப்புக் கமிட்டிக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் போன வாரம் என்னைப் பார்க்க வந்தீர்கள். "ஆயா, நீங்க இருந்த காலத்துல எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டீர்கள். நான் காபி கொடுத்து, வேறு என்னவோ பேசி அனுப்பிவிட்டேன். நீங்கள் போன பிறகு எனக்குத் தூக்கமில்லை. அதனால் பேத்தி செல்வியை உட்கார வைத்துச் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். எனக்கு என் பெயரை மட்டும்தான் எழுத வரும். மட்டம் பார்ப்பது, வரப்புப் போடுவது எல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் சொல்வது அதில் வராது.

உலகச் சண்டைக் காலம் அது. மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் வரிசையில் நின்ற வருஷங்கள். என் வீட்டுக்காரர் கமிட்டியில் இருந்தார். காய்ச்சலில் போய்விட்டார். எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. ஏரிப் பாசனத்தில் முதல் மடைக்குக் கீழே முதல் வயல் எங்களுடையது. அந்த வயல்காரருக்குக் கமிட்டியில் ஓர் இடம் என்பது பழைய வழக்கம். பையன் பெரியவனாகும் வரைக்கும் இடம் காலியாக இருக்கக் கூடாது என்று மணியக்காரர் என்னைக் கூப்பிட்டார். ஊர் மணியக்காரரான அவர்தான் கமிட்டிக்கும் தலைவர்.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டியதில்லம்மா. வந்து குந்துங்க, கணக்குப்பிள்ள காட்டற எடத்துல கையெழுத்துப் போடுங்க, போதும்" என்றார்.

கைநாட்டு வைக்க எனக்கு ரோஷம். இண்டூரில் என் பிறந்த வீட்டுக்குப் போய், அண்ணன் மகளிடம் பத்து நாள் உட்கார்ந்து என் பெயரை எழுதப் பழகிக்கொண்டு வந்தேன். முதல் கூட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டதும் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நான்கு வருஷம் அப்படியே கணக்குப்பிள்ளையின் விரல் காட்டிய இடத்திலெல்லாம் போட்டேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் படிக்கத் தெரியாது என்பது வெளியே வந்துவிடுமே!

நான்காம் வருஷம் சித்திரையில் ஏரி வற்றியது. வற்றினால் வண்டல் எடுப்பது வழக்கம். வண்டி உள்ளவர்கள் வண்டியில் ஓட்டிப்போய் வயலில் கொட்டுவார்கள். வண்டி இல்லாத கீழ்த்தெருப் பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் சுமப்பார்கள். கீழ்த்தெரு என்பது ஏரிக்கரையின் வெளிப்புறத்து அடிவாரத்தை ஒட்டியே இருக்கிற தெரு. அவர்களுக்கு ஆளுக்கொரு துண்டு மேட்டு நிலம். வண்டல் விழுந்தால் கேழ்வரகு வரும், விழாவிட்டால் கல்தான் வரும்.

ஏரிக்குள்ளே, கரையிலிருந்து எட்டத்தில், சுண்ணாம்பு அடித்த கற்கள் வரிசையாக நட்டிருக்கும். வெள்ளைக்கல் என்போம். அதற்கு அந்தப் பக்கம் வெட்டலாம். கல்லுக்கும் கரைக்கும் நடுவே மண்வெட்டி வைக்கக் கூடாது. கல்லைத் தொடக் கமிட்டி ஆளுக்கு மட்டும்தான் அதிகாரம்.

கீழ்த்தெருவிலிருந்து சின்னப்பாப்பா என்பவள் நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். என் வயதுதான் இருக்கும். நாக்கு மட்டும் சவரக்கத்தி.

"ஆத்தா, வண்டிக்காரங்களுக்குத் தூரம் என்னா வலிக்குது? அவங்களுக்கு மாடு நடக்குது. எங்களுக்குத் தல நடக்குது. அந்தக் கல்ல கொஞ்சம் கரைப் பக்கம் தள்ளிப் போட்டா ஒரு நாளைக்கு இன்னும் நாலு நடை சேத்து எடுப்போம். இவளப் பாருங்க, ஏழு மாசம்!"

நான் மணியக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "பொம்பளைங்க சமாச்சாரம். நீங்களே பாத்து ஏதோ செய்யுங்கம்மா" என்றார். கமிட்டியில் என்னையே முடிவு செய்யச் சொன்ன முதல் விஷயம். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் வெயில் ஏறும் முன்னே போய், கீழ்த்தெருவுக்கு நேராக இருந்த எட்டுக் கற்களைப் பிடுங்கி, கரைக்குப் பக்கத்தில் நடச் சொன்னேன். பெண்கள் குலவை போட்டார்கள்.

அப்போது ஊரில் கிணறு வெட்ட ஒரு கூட்டம் வந்து ஏரி ஓரத்தில் குடிசை போட்டுத் தங்கியிருந்தது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், மண் வேலைதான் பிழைப்பு. அதில் ஒரு கிழவி, முதுகு வளைந்தவள், கல் நகர்வதைப் பார்த்துக் கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"தாயி, அந்தக் கல்லு சும்மா நட்டது இல்ல. அதுக்கு இந்தாண்ட இருக்கறது வண்டல் இல்ல தாயி. களிமண்ணு. கரைக்குப் போட்ட சட்டை அது. சட்டைய உரிச்சா கரைக்குக் குளிரும்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஏ கெழவி, உன்னக் கெணறு வெட்டத்தான் கூப்புட்டாங்க. ஏரிக்கு நாங்க இருக்கறோம்" என்றேன். அவள் என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இதை நான் மறைக்கவில்லை. அந்தச் சிரிப்பையும் எழுது என்று செல்வியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஐப்பசியில் சித்தேரி மலையில் மூன்று நாள் விடாமல் ஊற்றியது. ஏரி ரொம்பிக் கோடி போயிற்று. கோடி போவது என்றால் நிறைந்து வழிவது. ஆறு வருஷத்துக்குப் பிறகு! ஊரே கோடி விழும் இடத்துக்குப் போய்ப் பொங்கல் வைத்து, கிடா வெட்டி, பம்பை அடித்துக்கொண்டிருந்தது. மழை விட்ட பகல் நேரம். நானும் புதுச் சேலை கட்டிக்கொண்டு கமிட்டிக்காரர்கள் வரிசையில் நின்றேன்.

சின்னப்பாப்பா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள்.

"ஆத்தா, என் அடுப்புக்குள்ள தண்ணி ஊறுது."

நான் சிரித்துவிட்டேன். "ஏரி ரொம்பினா கீழ்த்தெரு ஓதம்தாண்டி. ரெண்டு நாளைக்கு வெளிய சோறாக்கு."

"ஓதம் எனக்குத் தெரியாதா? இருவது வருசமா ஓதத்துலதான் படுக்கறன். இது கொதிக்குது ஆத்தா. வந்து பாருங்க."

கையிலிருந்த பொங்கலைக் கீழே வைத்துவிட்டுப் போனேன். அவள் வீட்டுப் பின்சுவருக்கும் கரைக்கும் நடுவே ஒரு சாணிக்கூடை அகலத்துக்குத் தரை குமிழ்விட்டுக்கொண்டிருந்தது. உலை கொதிப்பது மாதிரி. ஆவி மட்டும் இல்லை. தண்ணீரின் நிறம் கேழ்வரகுக் கூழ் நிறம். நிமிர்ந்து கரையைப் பார்த்தேன். கரைக்கு அந்தப் பக்கம் சரியாக அதே நேருக்கு நான் எட்டுக் கல்லை நகர்த்தி வெட்டவிட்ட இடம்.

பம்பைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, ஆனால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் உலை கொதிக்கிற சத்தம் கேட்டால் நான் அடுப்படியை விட்டு வெளியே வந்துவிடுவேன். மருமகள்களைக் கேட்டுப் பாருங்கள்.

சொல்லி அனுப்பியதும் மணியக்காரரும் ஆண்களும் ஓடி வந்தார்கள். "களிமண்ணு கொண்டாங்கடா! வைக்கோலு, சாக்கு, எல்லாம் போட்டு மிதிங்க!" என்றார் அவர். பத்துப் பேர் போட்டு மிதித்தார்கள். ஊற்று அடங்கியது. "தே, நின்னு போச்சு!" என்று ஒருவன் கை தட்டினான். அந்தக் கையை அவன் கீழே இறக்குவதற்குள் வீட்டுக்குள்ளே தொம்மென்று சத்தம். அடுப்பு மேலே கிளம்பி வந்துவிட்டது. அடுப்பின் கீழே ஒன்று, சுவரின் கீழே ஒன்று, ஆட்டுப்பட்டியில் ஒன்று, மூன்று இடத்தில் தண்ணீர் பீறிக்கொண்டது.

"வத்து, வத்து! மூடாதீங்க சாமி, மூடாதீங்க!"

அந்தக் கிழவிதான். 'வேண்டாம்' என்று தெலுங்கில் கத்திக்கொண்டே சேற்றில் விழுந்து எழுந்து வந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் நேரே என்னிடம் வந்து, ஊற்றுத் தண்ணீரை இரண்டு கையிலும் அள்ளி என் முகத்துக்கு நேரே பிடித்தாள். தண்ணீர் விரல் இடுக்கில் ஒழுகி முடிந்தது. உள்ளங்கையில் ஒரு பிடி மண் நின்றது.

"பாத்தியா தாயி? இது உங்க கரை. என் கையில இருக்கறது உங்க கரை."

எத்தனை பெரிய கரை! அதன் மேல் வண்டி போகும். அது ஒரு கிழவியின் உள்ளங்கையில் இருக்கிறது.

"தெளிஞ்ச தண்ணி வந்தா பயமில்ல, கலங்கி வந்தாத்தான் பயம். தண்ணி போனாப் போவட்டும். மண்ணப் புடிங்க. மொதல்ல ஓடை மணலு, அது மேல பொடிக்கல்லு, அது மேல பெரிய கல்லு. வடிகட்டற துணி மாதிரி. ரெண்டு மடையையும் தெறந்து ஏரியக் கொறைங்க."

"கரை ஒடையறப்பத் தண்ணிய வுடச் சொல்லுது பாரு, பைத்தியம்!" என்றார் மணியக்காரர். "இன்னும் களி கொண்டாங்கடா!"

பத்து ஆண்களும் களிமண் கூடையோடு நிற்கிறார்கள். கிழவி என்னைப் பார்க்கிறாள். சின்னப்பாப்பா என்னைப் பார்க்கிறாள். இரண்டு மடையையும் முழுக்கத் திறந்தால் முதலில் மூழ்குவது, நட்டு இருபது நாளான என் வயல்தான். அதைவிட, கிழவி சொல்வது சரி என்றால் நான் செய்தது என்ன என்று ஊருக்கே தெரிந்துவிடும். இத்தனையும் யோசித்தேன். ஒரு மிடறு எச்சில் விழுங்கும் நேரம்தான் இருக்கும், ஆனால் யோசித்தேன்.

"களிய கீழ போடுங்க" என்றேன். "ஆயா சொல்றதச் செய்யுங்க. மடையத் தெறங்க. மொத மடை எங்களுது, நான் சொல்றன்."

'கிழவி' என்று கூப்பிட்ட வாயில் 'ஆயா' என்று வந்தது அப்போதுதான்.

மணியக்காரர் அசந்து நின்றார். ஆனால் மடைக்காரர் ஓடினார். பெண்கள் ஓடினார்கள். கோடையில் வண்டல் சுமந்த அதே கூடைகள், அதே தலைகள். ஓடை மணலைக் கொண்டுவந்து கொட்டக் கொட்ட ஊற்று அதை விழுங்கியது. விழுங்க விழுங்கக் கொட்டினார்கள். பொடிக்கல், பிறகு கல். கிழவி மட்டும் கொட்டின கல் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வருகிற தண்ணீரைக் கையில் ஏந்திக்கொண்டே இருந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொழுது சாயும் முன்னே அவள் தன் கையை என் பக்கம் நீட்டினாள். தண்ணீர் ஒழுகியது. உள்ளங்கையில் ஒன்றும் இல்லை. ரேகை தெரிந்தது.

கரை நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. சின்னப்பாப்பாவின் பின்சுவர் மட்டும் விழுந்தது. ஆட்டுக்கல் சேற்றுக்குள் போய்விட்டது. சேறு வீட்டுக்குள் முழங்கால் உயரம். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்து மெல்லச் சொன்னாள்:

"பரவால்ல ஆத்தா. தூரம் நடக்காம இருக்க வழி கேட்டன். மண்ணு தானா வூட்டுக்கே வந்து சேந்துடுச்சு."

கல்லை நகர்த்தியது நான் என்று அன்றைக்கும் ஊரறிய நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

நான்காம் நாள் கமிட்டி கூடியது. நடந்ததை எழுதி மேலே அனுப்ப வேண்டும். கணக்குப்பிள்ளை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. விரலை வைத்து, "இங்க போடுங்கம்மா" என்றார். நான் பேனாவை வாங்கினேன். வாசலில் கீழ்த்தெருக்காரர்கள் நின்றிருந்தார்கள்.

சின்னப்பாப்பா அங்கிருந்தே கேட்டாள்: "ஆத்தா, அதுல என்னா எழுதியிருக்குது?"

நான் தாளைக் குனிந்து பார்த்தேன். அதில் ஒரு வரியும் எனக்குப் புரியவில்லை. கரை ஊறியதைப் பார்த்தபோது விழுந்த அதே இடி மறுபடியும் விழுந்தது. நான்கு வருஷம்! எத்தனை தாளில் என் பெயரை எழுதியிருக்கிறேன்! அதிலெல்லாம் என்ன இருந்தது?

"கணக்குப்புள்ள, படிங்க" என்றேன்.

"எதுக்கும்மா? எல்லாஞ் சரியாத்தான் இருக்குது."

"எனக்குப் படிக்கத் தெரியாது. படிங்க."

அதைச் சொல்லிவிட்ட பிறகு எனக்குப் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை. அவர் மணியக்காரரைப் பார்த்தார். பிறகு படித்தார். மழை, கோடி, ஊற்று எல்லாம் உரக்கப் படித்தார். ஒரு இடம் வந்ததும் குரலைத் தாழ்த்தினார். வாசலுக்குக் கேட்கக் கூடாதாம். கீழ்த்தெருப் பெண்கள் பேராசையால் எல்லைக் கற்களைக் களவாக நகர்த்திக் கரையடியில் வெட்டியதால் சேதம் வந்தது. ஆகையால் இனிமேல் கீழ்த்தெருவுக்கு ஏரி வண்டலில் பாத்தியதை கிடையாது.

"இத யாரு எழுதச் சொன்னது?"

மணியக்காரர் தணிந்த குரலில் சொன்னார்: "உங்களுக்காகத்தாம்மா. உங்க பேரு கெடக் கூடாதுன்னுதான். மேல இருந்து ஆளு வந்து கேட்டா உங்களக் கமிட்டியில வெச்சுக்க முடியாது. நாளைக்கு உங்க மவனுக்கு எடம் வேணாமா?"

கெட்டவர் இல்லை அவர். மனசார எனக்கு நல்லது செய்கிறதாகவே நினைத்தார். நானும் சித்திரையில் அப்படித்தான் நினைத்தேன்.

வண்டல் போனால் கீழ்த்தெருவுக்கு அந்த மேட்டு நிலம் கல்தான். நான் பேனாவை மூடித் தாள் மேலே வைத்தேன். "அடிச்சுட்டு எழுதுங்க. வெள்ளக்கல்ல நகத்தினது நான். மண்ணு வேலைக்கு வந்த ஆயா வேணாம்னு சொல்லுச்சு, நான் கேக்கல. கரையக் காப்பாத்தினதும் அந்த ஆயாதான். இத எழுதிப் படிச்சுக் காட்டுங்க. அப்பறம் என் பேரப் போடறன்."

"அவுங்க பேரு என்னாம்மா, எழுத?" என்றார் கணக்குப்பிள்ளை.

எனக்குத் தெரியவில்லை. ஆள் அனுப்பினேன். கிணற்று வேலை முடிந்து அந்தக் கூட்டம் முந்தின நாளே தொப்பூர் பக்கம் புறப்பட்டுப் போய்விட்டது என்று வந்து சொன்னார்கள். அவள் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. எந்த ஊரில் யார் கிணற்றை வெட்டிக்கொண்டு இருந்தாளோ!

கணக்குப்பிள்ளை அவள் பெயர் இல்லாமலே மாற்றி எழுதிப் படித்துக் காட்டினார், நான் கையெழுத்துப் போட்டேன். மணியக்காரர் சொன்னபடியே நடந்தது. மேலிருந்து வந்தவர் படித்தார், கேட்டார், என்னைக் கமிட்டியிலிருந்து எடுத்தார்கள். கீழ்த்தெருவின் பாத்தியதை மட்டும் போகவில்லை. அடுத்த கோடையில் கற்களைப் பழைய இடத்தில் நட வேண்டும். மற்றவர்கள் நடுவதற்குக் கீழ்த்தெரு ஒத்துக்கொள்ளவில்லை. "நகத்தினவங்களே வந்து நடட்டும். அவங்கதான் படிச்சுக் காட்டச் சொன்னவங்க" என்றாளாம் சின்னப்பாப்பா. கல்லைத் தொடக் கமிட்டி ஆளுக்குத்தானே அதிகாரம், அதனால் என் இடத்தைத் திரும்பக் கொடுத்து ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். போய் நட்டேன். எட்டுக் கல்லையும் நட்டுவிட்டு மறுபடியும் கமிட்டியில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு பல வருஷம் உட்கார்ந்தேன்.

அன்றைக்குக் கல் பக்கத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. பெண்களுக்குத் தூரம் கஷ்டம் என்பது நிஜம். அதில் நான் இரக்கப்பட்டதும் தப்பில்லை. ஆனால் என் வீட்டில் இரண்டு வண்டி, இரண்டு ஜோடி மாடு நின்றது. வண்டியைக் கொடுத்திருக்கலாம். அதை விட்டுவிட்டுக் கரையை எடுத்துக் கொடுத்தேன். என் பொருளைத் தொடாமல் ஊர்ப் பொருளில் இரக்கம் காட்டினேன். அந்தக் கோடையிலிருந்து எங்கள் ஏரியில் வண்டி பத்து நடை போனால் ஒரு நடை கீழ்த்தெருவுக்கு என்று ஏற்பாடு செய்தோம். முதல் வண்டி என்னுடையது.

பிள்ளைகளா, கமிட்டியில் உட்கார்ந்தால் நாலு பேர் உங்களிடம் வந்து அழுவார்கள். அப்போது மனசு இளகும். இளகட்டும். ஆனால் எதை எடுத்துக் கொடுக்கிறோம் என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். கூலிக்கு வந்தவர்கள் ஏதாவது சொன்னால் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கெல்லாம் படிக்கத் தெரியும், அதனால் இன்னொன்றும் சொல்கிறேன். படிக்கத் தெரிந்தவர்கள்தான் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

போதும் செல்வி. இப்போது முதலில் இருந்து படி, கேட்கிறேன். கல்லை நகர்த்தியது யார் என்று வருகிற இடத்தில் குரலைத் தாழ்த்தாதே கண்ணு. வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரிப் படி. படித்து முடி, அப்புறம் பேனாவைக் கொடு.